சும்மா கிடக்கும் காணி

சென்ற மாரிக்கு முன்னர் ஒரு நாட்காலை, எங்கள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள வெளியிலே மூவர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முக்காலியின்மேல் ஏற்றிய கருவிக்குள் கண்ணைப் புதைத்திருந்தார். இன்னொருவர் சிவப்பும் வெள்ளையும் பூசிய கோலைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். மூன்றாமவர் குடை நிழலில் தொலைபேசியோடு பேசிக்கொண்டிருந்தார். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். அவர்களை விரட்டப் போன நான் வேலியைக் கடந்து சென்று விசாரித்தேன். சூரிய மின்நிலையம் ஒன்றை அமைக்கக் கம்பனியொன்று விரும்புவதாகவும், அதற்காக இடம் பார்க்க வந்திருப்பதாகவும் குடைக்காரர் மரியாதையாகவே சொன்னார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, "பயப்படாதீங்க சேர், யாருட வீட்டையும் உடைக்கப் போறதில்ல. இது சும்மா கிடக்கிற காணிதானே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

புவியியல் கற்பிப்பவன் நான். நில அளவைப் படத்தில் ஒரு வெளி எவ்வாறு வெறுமையாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சொற்கள் அன்று முழுவதும் என்னை விடவில்லை. அவற்றை நான் கேட்டது அதுதான் முதல் தடவையன்று.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு வயது பதின்மூன்று. எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். உடுத்த உடையும், உம்மா மடியில் கட்டிய சில காகிதங்களும், ஒரு தகரப் பெட்டியும் எங்களோடு வந்தன. அந்தக் காகிதங்களில் எங்கள் காணி உறுதியும் இருந்தது. காணி அக்கரையில், உறுதி இக்கரையில்! பல நாள் அலைச்சலின் பின்னர் பாலாவிப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியின் ஓரத்தில் கிடுகுக் கொட்டில் போட இடம் கிடைத்தது. இடம் காட்ட வந்தவர் வாப்பாவிடம் சொன்னார்: "சும்மா கிடக்கிற காணிதான், கொஞ்ச நாளைக்கு இருங்க." வாப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தாள். எங்கள் கொட்டில்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். சண்டை பிடிக்கவில்லை. உம்மாவிடம் ஒரு குடம் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "இது எங்க ஆடு மேயிற எடம் மகள்" என்று மட்டும் சொன்னாள். தென்னைக்குக் கீழே விழும் மட்டையும் பாளையும்தான் அவளுடைய அடுப்புக்கு விறகு என்பது பின்னர் தெரிந்தது. காணிக்காரருடைய உறுதியில் அவள் பெயர் இல்லை. அரசாங்கத்தின் எந்தப் பேரேட்டிலும் அவளுடைய ஆடுகள் இல்லை. காணியை இழந்து வந்த நாங்கள், எழுத்தில் இல்லாத ஒருத்தியின் மேய்ச்சல் நிலத்தின்மீது குடியேறியிருந்தோம். அவளைச் சும்மா என்று நினைத்தவர்களில் நாங்களும் சேர்ந்துவிட்டோம் என்று உம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, சூரிய மின்சாரத்துக்கு எதிராக நான் எழுத வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலாவியில் வாழ்பவன் அவ்வாறு எழுதவும் முடியாது. சந்தியிலிருந்து மேற்கே கற்பிட்டி வீதியில் சென்றால் நுரைச்சோலை. அங்கே நிலக்கரி எரிகிறது. 2011 இல் முதலாவது இயந்திரமும் 2014 இல் மூன்றாவதும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். நாட்டின் விளக்குகள் எரிய எங்கள் கடற்கரை சாம்பலைத் தாங்குகிறது. காற்று வீசும் மாதங்களில் தூசு வந்து படிவதைப் பற்றி அப்பகுதி விவசாயிகளும் மீனவர்களும் பேசாத ஆண்டில்லை. வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்து அந்த நிலக்கரியைக் குறைக்கலாம் என்றால் அதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாங்களே. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென நாடு குறித்துக்கொண்ட இலக்கும் பிழையானதன்று.

அன்றியும், வெயிலை உழைப்பாக மாற்றும் தொழில் பாலாவிக்குப் புதியதா என்ன? எங்கள் உப்பளங்களைப் பாருங்கள். கோடையிலே புத்தளம் களப்பின் நீர் கடலைவிடவும் உவர்ப்பேறிவிடுகிறது. அந்த நீரை ஆழமற்ற பாத்திகளில் ஏற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார்கள். போமே மானியில் ஏறத்தாழ 3 பாகை காட்டும் கடல்நீர் 25 பாகையை எட்டும்போது தரையில் உப்புப் பூக்கிறது. இதைவிடப் பழைய சூரிய ஆலை எது? கால் வெடித்து, கண் கூசி, அந்த உப்பை வாரிக் குவிக்கும் தொழிலாளிக்கு வெயிலின் விலை எந்தப் பொறியியலாளரையும்விட நன்றாகத் தெரியும். காலந்தப்பிய மழையால் உப்பு விளையாமற்போய், கடல் சூழ்ந்த இந்நாடு 2025 இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. அப்போதுதான் பலருக்கு இந்த வெளிகள் வெறும் வெளிகளல்ல என்பது நினைவுக்கு வந்தது. வற்றவிடும் பாத்தியில் அந்த மாதங்களில் பார்ப்பதற்கு ஒன்றுமிருக்காது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் சும்மா கிடக்கும் காணிதான்.

எந்தத் தொழில் எந்த நிலத்தில் நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது என்று வகுப்பதை வலயப்படுத்தல் என்கிறார்கள். இது அலுவலகங்களில் வரைபடம் கீறுவோரின் விஷயம் என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். எங்கள் மாவட்டத்துக்கோ எழுதப்படாத வலயச் சட்டம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. நாட்டுக்கு வேண்டியதும், நாட்டின் ஏனைய பகுதியினர் தம் முற்றத்தில் வேண்டாம் என்பதும் புத்தளத்துக்கு வரும் என்பதே அச்சட்டம். சீமெந்துக்காக அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டது. கல்லேற்றிய ரயில் பாலாவிக்கு ஓடியது. நிலக்கரி நுரைச்சோலைக்கு வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளையும் உயிர்களையும் புதைத்த பின்னர், கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்களின் கண் அதே அருவக்காட்டில் விழுந்தது. 2018 இலும் 2019 இலும் புத்தளத்தில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக வீதிக்கு இறங்கினார்கள். என் மாணவர்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவை பதாகை எழுதியது அப்போதுதான். எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தது என் பங்கு.

எழுதப்பட்ட சட்டங்களோ பல. கரையோரம் பேணற் சட்டம் 1981 இல் வந்தது. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை அது பார்க்கும். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களுக்குச் சூழல் மதிப்பீட்டு விதிகள் உண்டு. மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் மக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். நெற்காணியை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை போடுகிறது. 2007 ஆம் ஆண்டின் நிலைபெறுதகு வலு அதிகார சபைச் சட்டம் வலு அபிவிருத்திப் பிரதேசங்களைப் பிரகடனப்படுத்த வழி செய்கிறது. பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் தத்தம் அதிகாரங்கள். இத்தனையும் இருந்தும், ஓர் ஊரின் வரைபடத்தை முன்னே விரித்து, "இன்ன இடத்தில் தகடுகள் வரலாம், இன்ன இடத்தில் வரக்கூடாது" என்று ஊரவரோடு இருந்து தீர்மானிக்கும் ஒழுங்கை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை. கம்பனி முதலில் வருகிறது. இடத்தை அது தெரிவுசெய்கிறது. அனுமதிகள் பின்னால் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 ஏக்கர் வேண்டும். ஆகவே 50 என்ற கோட்டுக்குக் கீழே நிற்கும் ஒரு நிலையமே 200 ஏக்கருக்கு மேல் வேலியடைத்துவிடக்கூடும். 200 ஏக்கர் என்பது ஒரு கிராமம்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு பாட்டன் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியில்லாததும் பயிரிடப்படாததுமான நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, பிரித்தானிய முடிக்குரியது என்றது. மலைநாட்டுக் கிராமத்தவர் மாடு மேய்த்த, சேனை செய்த, விறகு பொறுக்கிய நிலங்கள் அந்த ஒரு சொல்லால் தரிசாகிக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. உரிமையை நிரூபிக்கும் சுமை கிராமத்தவன் தலையில். அவனிடமோ காகிதம் இல்லை. நூற்றியெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், குடை பிடித்துவந்த அந்த இளைஞரின் வாயிலிருந்து அதே சட்டத்தின் வாசனை வந்தது. அவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

இது வெறும் பழங்கதை என்று எவரும் எண்ணவேண்டாம். 2025 இல் திருகோணமலை முத்துநகரில், துறைமுக அதிகார சபைக்குரியதென்று சொல்லப்பட்ட காணியிலே நெடுங்காலம் பயிர்செய்துவந்த விவசாயிகள், அந்த வயல்கள் சூரிய மின்திட்டத்துக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வெயிலில் விளைந்த நெல்லுக்கும் வெயிலில் விளையும் மின்சாரத்துக்கும் பகை மூட்டப்பட்டதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. அந்தப் பகை இயற்கையில் இல்லை.

வலயம் வகுக்கப் பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் வேறெங்கும் போகவேண்டியதில்லை. 1980களில் இறால் வந்தது. களப்பைச் சுற்றியும் தெற்கே முந்தல், சிலாபம் வரையும் கண்டல் மரங்கள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. ஒரு போகத்தில் வீடு கட்டியவர்களும் இருந்தார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பண்ணையின் கழிவுநீரை அடுத்த பண்ணை உறிஞ்சியது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அதன் பிறகுதான் பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எக்காலத்தில் குஞ்சு விடலாம் என்ற நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. நல்ல ஒழுங்குதான். ஆனால் அது வந்தபோது கண்டல் போய்விட்டது. கைவிடப்பட்ட அந்தக் குளங்கள், உவர் ஏறி, பயிருக்கும் உதவாமல், மீன்குஞ்சுக்கும் உதவாமல் இன்றும் கிடக்கின்றன. சும்மா கிடக்கும் காணி வேண்டுமென்பவர்கள் முதலில் அங்கே ஏன் போவதில்லை? அணை திருத்த வேண்டும், அடித்தளம் உறுதியாக வேண்டும், செலவு கூடும். சமதரையான மேய்ச்சல் வெளி மலிவு. அந்த மலிவின் மிகுதிச் செலவை ஆடு மேய்ப்பவள் கொடுக்கிறாள்.

இங்கே என் வீட்டுச் சண்டையையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் எழுதுவது நேர்மையாகாது. என் தங்கையின் கணவருக்குச் சந்திக்கு அப்பால் மூன்று ஏக்கர் தென்னங்காணி உண்டு. வெள்ளை ஈ பிடித்து மரங்கள் கறுத்துவிட்டன. தேங்காய் விலை ஏறிய 2025 இலும் அவருக்கு இலாபமில்லை; காய்க்காத மரத்துக்கு விலையேற்றம் எதற்கு? வெளியோடு சேர்த்து அவருடைய காணியையும் குத்தகைக்கு எடுக்கலாம் என்று கம்பனிக்காரர் சொல்லியிருக்கிறார். நான் யோசிக்கும்படி சொன்னேன். மச்சான் கோபித்துக்கொண்டார். "ஒங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது மச்சான். எனக்குத் தேங்கா விழுந்தாத்தான் காசு. நீங்க கூட்டத்தில பேசுறதுக்கு என்ட காணிய ஏன் இழுக்கிறீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிறு காணிக்காரனுக்கு நிலையான வருமானம் வருவதைத் தடுக்க நான் யார்? கர்நாடகத்தில் பாவகடா என்ற வறண்ட பகுதியில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா 2019 இல் நிறைவுற்றது. அங்கே நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஆண்டுக்கு ஏக்கருக்கு 21,000 ரூபாய் எனத் தொடங்கிக் காலப்போக்கில் உயரும் குத்தகைக்கு எடுத்தார்கள். மழை பொய்த்த மண்ணில் நட்டப்பட்டுக்கொண்டிருந்த விவசாயி உறுதியை இழக்காமல் வருமானம் பெற்றான். இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் அதே நிலத்தில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் கூலி பெற்ற நிலமற்றவனுக்குக் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. அவனுக்கு வேலை போயிற்று. தகடு துடைக்கவும் காவல் காக்கவும் சிலரே போதும். மச்சானின் மூன்று ஏக்கரிலும் அப்படியே. தேங்காய் பறிப்பவர் ஒருவர், மட்டை உரிப்பவர் ஒருவர், ஓலை பொறுக்கிக் கிடுகு பின்னும் பெண்கள் இருவர். மச்சானிடம் இவர்களைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். தனி ஒருவராக அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதான். அதற்காகத்தானே ஊருக்கு விதி வேண்டுமென்கிறோம்!

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம், விடியலிலிருந்து இருட்டும்வரை, முறை வைத்து, அந்த வெளியை யார் யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிவரச் சொன்னேன். முதல் நாள், "சேர், ஒண்டும் இல்ல, கழுதைதான் நிக்குது" என்று சிரித்தார்கள். வார முடிவில் கொப்பி நிறைந்துவிட்டது. மூன்று குடும்பங்களின் ஆடுகள், மாடுகள், களப்பிலிருந்து வந்த மீனை மணலில் பாய்விரித்துக் காயவைக்கும் பெண்கள், உடைமுள் வெட்டி விறகு கட்டுபவர்கள், பின்னேரத்தில் கிரிக்கட், உப்பளத்துக்குக் குறுக்கு வழியாகச் சைக்கிளில் போகும் தொழிலாளர், நீண்ட கால்களோடு சேற்றைக் கிளறும் வலசைப் பறவைகள். ஒரு மாணவி மட்டும் மனிதரையும் மிருகத்தையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தாள். அவளுடைய வீடு தாழ்வான பக்கத்தில். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டு நீரெல்லாம் இந்த வெளியில் தங்கி, மெல்ல வடிகிறது. வெளியை மேடாக்கி வேலியிட்டால் அந்த நீர் தன் வீட்டுக்குள் வரும் என்று கோடு கீறிக் காட்டியிருந்தாள். இருபத்தைந்து ஆண்டு புவியியல் கற்பித்த எனக்கு அது தோன்றவில்லை.

அந்தக் கொப்பியை அடிப்படையாக வைத்தே பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதினோம். தகடு வேண்டாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. முதலில் கூரைகளும், வெட்டி முடிந்த சுண்ணாம்புக் கிடங்குகளும், கைவிட்ட இறால் குளங்களும் பார்க்கப்படட்டும் என்றோம். கூரை மட்டும் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரரைக் கேட்கவேண்டி வந்ததே. சேமிக்கும் மின்கலங்களும் கம்பி வழிகளும் வேண்டும், பெரிய நிலையங்களும் வேண்டும். ஆனால் மழைநீர் தங்கும் வழியில் அவை வரலாகாது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே தூரம் விடவேண்டும். தகட்டில் படியும் உப்பையும் சீமெந்துத் தூசியையும் கழுவ நீர் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்; எங்கள் மணலுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரித்துவிடும். காலம் முடிந்து கம்பனி போகும்போது தகடுகளையும் கொங்கிறீற்றையும் பிடுங்கிச் செல்வதற்கான பணத்தை ஆரம்பத்திலேயே வைப்பில் இடவேண்டும். இறால் முதலாளிகள் போனபோது குளங்களை மூடிவிட்டா போனார்கள்?

ஜப்பானில் 2013 முதல் ஓர் ஒழுங்கு உண்டு. விளைநிலத்தின்மேல் உயர்ந்த கால்களில் தகடு நாட்டலாம். ஆனால் கீழே பயிர் தொடரவேண்டும், விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடாது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "அப்ப ஆடும் மேயலாமா சேர்?" என்றான். மேயலாம். உலகில் பல இடங்களில் தகடுகளின் கீழே செம்மறிகளைப் புல் மேய விடுகிறார்கள். புல் வெட்டும் செலவு மிச்சம். அதையும் மனுவில் சேர்த்தோம். வேலிக்குள் ஆட்டுக்காரிகளுக்கு எழுத்து மூலமான மேய்ச்சல் உரிமை வேண்டும் என்று. குமாஸ்தா ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். கேட்டுத்தான் பார்ப்போமே என்றேன்.

மனுவில் கையெழுத்திட்டவர்களில் மச்சானும் ஒருவர். குத்தகை எண்ணத்தை அவர் கைவிடவில்லை; விதி வந்த பிறகு கொடுப்பேன் என்கிறார். தேங்காய் பறிப்பவருக்கு அங்கே காவல் வேலை தரவேண்டுமென்று கேட்கப் போகிறாராம். மனுவைப் பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. சிங்களத்தில் வந்தது, அதற்குத் தமிழ்ப் பிரதி கேட்டு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம்.

மாரியில் வெளி முழுவதும் தண்ணீர் நின்றது. அளவையாளர்கள் அறைந்துவிட்டுப் போன சிவப்பு மை பூசிய முளைகளின் தலைகள் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தன. இப்போது நீர் வற்றிவிட்டது. நேற்றுப் பின்னேரம் பார்த்தேன், யாரோ ஒரு சிறுவன் அந்த முளைகளில் ஒன்றிலே தன் ஆட்டைக் கட்டிவிட்டுக் கிரிக்கட் விளையாடிக்கொண்டிருந்தான்.